இந்த ஆண்டும் இருக்கட்டும்

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறன்று காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் நம் மடலில் வெளியிடுகிறோம். நற்செய்தி: லூக்கா 13:1-9)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் ஒரு சின்னக் கதை சொல்கிறார். ஒருவர் தம் திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம் வைத்திருந்தார். மூன்று ஆண்டுகளாக வந்து வந்து பார்க்கிறார். இலை இருக்கிறது, கிளை இருக்கிறது, பழம் மட்டும் இல்லை. பொறுமை போய்விட்டது. "வெட்டிவிடு, நிலத்துக்குத்தான் கேடு" என்கிறார். தோட்டக்காரர் குறுக்கே வந்து நிற்கிறார். இந்த ஆண்டும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன், பிறகு பார்க்கலாம் என்று கெஞ்சுகிறார். அதோடு கதை முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அந்த மரம் காய்த்ததா இல்லையா என்று ஆண்டவர் சொல்லவே இல்லை.

இந்தக் கதையை இன்று ஒரு குறிப்பிட்ட மனிதரோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன். அவர் இப்போது இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். சாம்பல் புதனன்று குடியை நிறுத்தியவர். இன்றோடு இரண்டரை வாரம் ஆகிறது. காலையில் தேநீர்க் குவளையைப் பிடிக்கும்போது கை இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது. வீட்டில் யாரும் இன்னும் முழுசாக நம்பவில்லை. "போன வருஷமும் இப்படித்தான்" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. சகோதரரே, இன்று உங்களோடுதான் பேச வந்திருக்கிறேன். மற்றவர்களும் கேளுங்கள். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்கள் பங்கில் ஒருவர் இருந்தார். நல்ல உழைப்பாளி. பெயர் வேண்டாம். இதைச் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தவக்காலத்திலும் நாற்பது நாள் குடிக்க மாட்டார். சிலுவைப்பாதையில் முன்வரிசையில் நிற்பார். உயிர்ப்புப் பெருவிழா இரவுத் திருப்பலி முடிந்ததும் நண்பர்களோடு போய்விடுவார். நம் ஊர்களில் இது ஒன்றும் புதிதல்ல. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்களிலும், சபரிமலைக்கு மாலை போடுகிற நம் இந்துச் சகோதரர்களிலும் இப்படி நாள் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓர் ஆண்டு அவர் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகும் தொடர்ந்தார். மூன்று மாதம் குடிக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. பூசையில் எல்லாருக்கும் முன்னால் அவரை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னேன். பிறகு மைத்துனர் வீட்டில் ஒரு காதுகுத்து. அங்கே குடித்துவிட்டார். மறுநாள் மாலை பங்கு இல்லத்துக்கு வந்தார். நான் திருவிழா வேலையாகப் பேரவை உறுப்பினர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். யாரோ முன்பே என் காதில் போட்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தீர்களே! உங்களைத் திருத்தவே முடியாது, போங்கள்" என்று சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அதன்பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் கோவிலுக்கு வரவில்லை. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவருடைய மனைவி வந்து சொன்னபோதுதான் போய்ப் பார்த்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாமி, அன்னிக்கு நான் குடிச்சிட்டு வரல. முந்தின நாள்தான் குடிச்சேன். மறுபடி ஆரம்பிச்சிடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."

அன்பர்களே, தோட்டக்காரனாக இருக்க வேண்டிய நான் அன்று கோடரியோடு நின்றேன். மரம் தானாகவே எருவைத் தேடி வந்தது. நான் வெட்டி அனுப்பினேன்.

அவர் பிழைத்துக்கொண்டார், ஆண்டவருக்கு நன்றி. அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் பொன்மலையில் இருந்தபோது ரயில்வே பணிமனையின் சங்கு ஊதும்போது எழுந்து பழகினேன். நாகப்பட்டினத்தில் இருந்த அந்தப் பணிமனை 1928-இல் பொன்மலைக்கு வந்தது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் நம் பங்கில் உண்டு. அங்கே பி.ஓ.எச். என்று ஒரு வேலை நடக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இஞ்சின் உள்ளே வரும். பகுதி பகுதியாகக் கழற்றுவார்கள். கழுவுவார்கள். தேய்ந்ததை மாற்றுவார்கள். சக்கரத்தைக் கடைந்து சரிசெய்வார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியே அனுப்புவார்கள். நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அவையும் பழுது பார்க்கப் பொன்மலைக்குத்தான் வந்தன. நீலகிரிக்கென்று புதிய நீராவி இஞ்சின்களையே செய்து கொடுத்த கைகளும் நம் தொழிலாளர் கைகள்தாம்.

ஒருநாள் பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவரிடம், "ஒரே இஞ்சின் மறுபடி மறுபடி வருகிறதே, சலிப்பாக இருக்காதா?" என்று கேட்டேன். சிரித்தார். "ஓடுற இஞ்சின்தான் சாமி உள்ள வரும். ஓடாததைப் பத்தி யாரு கவலைப்படப் போறா?" என்றார்.

குடியை விட முயற்சி செய்யும் சகோதரரே, உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். ஏற்கெனவே நாலு தடவை நிறுத்தி நாலு தடவையும் தவறிவிட்டேன், ஐந்தாவது எதற்கு என்று நினைக்காதீர்கள். நாலு தடவை உள்ளே வந்திருக்கிறீர்கள். வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. தவறியது ஒரு நாள். அந்த ஒரு நாளைச் சாக்காக வைத்து, "எல்லாம் போச்சு" என்று மறுநாளும் கடைக்குப் போகிறீர்களே, அந்த மறுநாள்தான் உங்களைக் கவிழ்க்கிறது. தவறிய அன்று இரவே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மறைத்தால் அது வளரும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் மாட் டால்பட் என்று ஒரு கூலித் தொழிலாளி இருந்தார். 1856-இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போனது ஒரு மது வியாபாரியிடம். அங்கேயே குடிக்கப் பழகினார். பதினாறு ஆண்டுகள் சம்பளம் முழுவதும் குடிக்கே போனது. ஒருமுறை தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஏழை ஒருவரின் பிடிலையே நண்பர்களோடு திருடி விற்றுக் குடித்தார். 1884-இல் ஒருநாள் கையில் காசில்லை. மதுக்கடை வாசலில் நின்றார். எத்தனையோ நாள் தன் காசில் குடித்த நண்பர்கள் யாராவது உள்ளே கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குத் திரும்பி, குடியை விட வாக்குக் கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார்.

எவ்வளவு காலத்துக்கு வாக்குக் கொடுத்தார் தெரியுமா? மூன்றே மாதத்துக்கு. வாழ்நாள் முழுக்க என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அந்த மூன்று மாதமே நரகமாக இருந்தது. முடிந்ததும் மறுபடி கொஞ்ச காலம். பிறகு இன்னும் கொஞ்ச காலம். அதன்பிறகுதான் ஆயுள் முழுவதற்கும். வேலைக்குப் போகுமுன் அதிகாலைத் திருப்பலிக்குப் போனார். கடையைப் பார்த்தால் கால் தானாகத் திரும்பும் என்பதால் பையில் காசு வைத்துக்கொள்வதையே நிறுத்தினார். பழைய கடன்களை அடைத்தார். அந்தப் பிடில்காரரைத் தேடித் தேடி அலைந்தார். கிடைக்கவில்லை. அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். நாற்பத்தொரு ஆண்டுகள் குடிக்காமல் வாழ்ந்து, 1925 ஜூன் 7 அன்று கோவிலுக்குப் போகும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். சீனாவில் மாற்கு ஜி தியான்சியாங் என்ற மருத்துவர். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். வயிற்று வலிக்காக அபினி எடுத்துக்கொண்டு அதற்கு அடிமையானார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அதே பாவத்தை மறுபடி மறுபடி சொன்னதால், இவர் உண்மையாக மனம் வருந்தவில்லை என்று கருதி, அருட்தந்தை பாவமன்னிப்பு மறுத்துவிட்டார். அந்தக் காலத்தில் இதை ஒரு நோய் என்று யாரும் அறிந்திருக்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நற்கருணை இல்லை. ஆனாலும் கோவிலை விடவில்லை. செபத்தை விடவில்லை. 1900-இல் கலவரக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனபோது, விசுவாசத்தை மறுக்காமல் குடும்பத்தோடு உயிர் கொடுத்தார். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

ஒருவர் வென்றார். இன்னொருவரால் கடைசிவரை அந்தப் பழக்கத்தை வெல்ல முடியவில்லை. ஆனால் இரண்டு பேருமே முயற்சியை விடவில்லை. ஆண்டவர் இருவரையும் கைவிடவில்லை.

சரி சாமி, செபம் செய்தால் போதுமா என்று கேட்பீர்கள். கதையில் தோட்டக்காரர் கால அவகாசம் மட்டும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கொத்துகிறேன், எருப் போடுகிறேன் என்றார். கையில் மண்வெட்டி எடுக்கத் தயாராக இருந்தார். நாமும் எடுக்க வேண்டும்.

முதல் வேலை, மருத்துவரிடம் போவது. பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பே வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், நாள் கிழமை தெரியாமல் குழம்பிப் போவார்கள். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருந்து கொடுத்து, சத்து ஊசி போட்டு, இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடத்த மருத்துவர்களால் முடியும். திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. தமிழக அரசின் 104 இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஈரல் கெட்டால் மருத்துவரிடம் போகிறோம். அதற்கு முன்பே போனால் என்ன?

இரண்டாவது, இன்று ஒரு நாள். 1935-இல் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊரில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் நொந்தவர்கள். ஒரு குடிநோயாளியின் வேதனை இன்னொரு குடிநோயாளிக்குத்தான் புரியும் என்று கண்டுகொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஏ.ஏ. இயக்கம். அந்தத் தொடக்க நாட்களில் ஏக்ரன் புனித தோமா மருத்துவமனையில் இந்த நோயாளிகளுக்குப் படுக்கை கொடுத்து உதவியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி, சிஸ்டர் இக்னேஷியா. இன்று நம் நாட்டிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று அங்கே சத்தியம் வாங்குவதில்லை. இன்று குடிக்க மாட்டேன், அவ்வளவுதான். நாளை வரும்போது நாளைக்கும் அப்படியே.

ஆசை வரும்போது அது அலைபோல எழும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரைமணியைக் கடத்துங்கள். ஏதாவது சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் போடுங்கள், ஒரு செபமாலை சொல்லுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும் சேரும்போது கால் கடைப்பக்கம் இழுக்கும். சம்பள நாளன்று மனைவியையோ மகனையோ துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். கடை இல்லாத தெரு வழியாக வீட்டுக்குப் போங்கள். சுற்று வழிதான். பரவாயில்லை.

குடும்பத்தாரே, இப்போது உங்களிடம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், குடிநோயால் கணவரை 1979-இல் இழந்தார். அடுத்த ஆண்டே, 1980-இல், இந்த நோயாளிகளுக்காகவே ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று பலருக்குத் தெரியும். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே முகாம் கொண்டு போனார்கள். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஆலோசனை கொடுக்கிறார்கள். ஏனென்றால் ஒருவர் குடிக்கும்போது வீடே நோயுறுகிறது.

ஆகவே சில வார்த்தைகள். அவருக்குத் தெரியாமல் சோற்றிலும் குழம்பிலும் மருந்துப் பொடி கலக்காதீர்கள். சில மருந்துகளை உட்கொண்டபின் குடித்தால் உயிருக்கே மோசம். மருந்து என்றால் மருத்துவர் சொல்ல, அவருக்குத் தெரிந்தே கொடுக்க வேண்டும். பழைய கணக்கைத் தினமும் எடுக்காதீர்கள். "இன்னைக்கு நேரத்தோட வந்துட்டீங்க" என்று ஒரு சொல் போதும். உடனே நம்ப முடியாவிட்டாலும் குற்றமில்லை, நம்பிக்கை மெதுவாகத்தான் முளைக்கும். ஆனால் தாய்மாரே, ஒன்று சொல்கிறேன். அடி வாங்கிக்கொண்டு பொறுத்துப் போங்கள் என்று நற்செய்தி எங்கும் சொல்லவில்லை. அடித்தால் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். 181 என்ற எண்ணில் உதவி கேளுங்கள். மன்னிப்பு வேறு, ஆபத்தில் இருப்பது வேறு.

பங்கு மக்களே, நமக்கும் எரு சுமக்கும் வேலை இருக்கிறது. காதுகுத்து, புதுமனை, புதுநன்மை விருந்து, துக்க வீடு, எதற்கும் "ஆளுக்கொரு குவாட்டர்" என்று தனியாக ஏற்பாடு செய்கிறோமே, அதை நிறுத்துவோமா? விட்டவரைப் பார்த்து, "ஒருநாள்தானே, எங்களுக்காக" என்று சொல்கிற நண்பர், அந்த மரத்தின் வேரில் வெந்நீர் ஊற்றுகிறார். அன்பியக் கூட்டத்தில் ஒருவர் விட்டதைக் கேலி பேசாமல் இருப்போம். நான் செய்ததுபோல எழுப்பி நிறுத்திக் கைதட்டவும் வேண்டாம். அமைதியாகப் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தால் போதும். உயிர்ப்புப் பெருவிழா இரவுத் திருப்பலி முடிந்ததும், யார் வீட்டிலாவது காப்பியும் இட்லியுமாக அவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் இரவு தப்பினால் பெரிய காரியம்.

மருத்துவமனையில் என் கையைப் பிடித்த அந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்தான் சங்கடப்பட்டார். சிகிச்சை எடுத்தார். ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனார். நடுவில் இன்னொரு முறையும் தவறினார். அன்று இரவு பத்து மணிக்கு என் கதவைத் தட்டினார். இந்த முறை நான் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. போன மாதம் ஒரு திருமணத்தில் பார்த்தேன். பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தார். "இப்ப எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன். "வருஷத்தை எண்றதில்ல சாமி. இன்னைக்குக் குடிக்கல" என்றார்.

ஆண்டவர் அந்த அத்திமரத்தின் கதையை முடிக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு என்று நான் நம்புகிறேன். மீதியை நம்மிடம் விட்டிருக்கிறார். சகோதரரே, இன்று இரவு படுக்கப் போகும்போது நீங்கள் அதில் ஒரு வரி எழுதியிருப்பீர்கள்.

செபிப்போம். இரக்கமுள்ள ஆண்டவரே, குடியிலிருந்து மீளப் போராடும் உம் பிள்ளைகளை உம் கையில் ஒப்படைக்கிறோம். இன்றைய ஒரு நாளுக்கு வேண்டிய பலத்தை அவர்களுக்குத் தாரும். தவறி விழுந்தவர்கள் வெட்கத்தால் ஒளிந்துகொள்ளாமல் எழுந்து வரச் செய்யும். காத்திருந்து களைத்த மனைவியரையும், பயந்து தூங்கும் பிள்ளைகளையும் தேற்றும். எங்கள் கையிலுள்ள கோடரியை வாங்கிக்கொண்டு மண்வெட்டியைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.